எல்லா விளையாட்டுக்கும் ஒரே மைதானம்: பாளையங்கோட்டையில் எடுபடுமா?

ஊர்திரும்பி – சனி, இரவு 9.12

வணக்கம். பதினோரு வருடப் புனே வாசத்தை முடித்துக்கொண்டு வரும் ஜூன் மாதம் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கு வருகிறோம். வீடு பார்த்தாயிற்று, மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அவள் ஓடுவதற்கு இடம்தான் இன்னும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். பெரிய வீராங்கனை என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் விடியும் முன்னே யாரும் எழுப்பாமல் எழுந்து ஷூ மாட்டுகிற பிள்ளையை வீட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மைத்துனரிடம் கேட்டேன். “வ.உ.சி. மைதானம் இருக்கிறது, அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, அப்புறம் என்ன?” என்றார். பேச்சு வளர்ந்தது. நம் அளவுள்ள ஊருக்குப் பெரிய மைதானம் ஒன்று போதும் என்பது அவர் கட்சி. ஓட்டம், கால்பந்து, கிரிக்கெட், கபடி, ஆகஸ்ட் 15 கொடியேற்றம், கண்காட்சி எல்லாவற்றையும் அதிலேயே நடத்திக்கொள்ளலாம், தனித்தனியாகக் கட்டுவது தண்டச்செலவு என்கிறார். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. போனை வைத்த பிறகு சரியாகப் படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிரில் வாத்தியார் – சனி, இரவு 10.05

தம்பி, முப்பத்து நான்கு வருடம் கழுத்தில் விசிலோடு திரிந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டால் பிடித்துவிடலாம்.

400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50. அதாவது வளையத்துக்குள் நமக்குக் கிடைக்கிற அகலம் 73 மீட்டர். இந்த 73 என்ற எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கால்பந்து ஆடுகளம் 105க்கு 68. அகலத்தில் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் மிஞ்சும். நாலு மூலைக் கொடியும் வளைவை ஒட்டி வரும், ஒரு மீட்டர்தான் இடைவெளி. இறுக்கம்தான், ஆனாலும் உட்கார்ந்துவிடும். உலகம் முழுக்க ஓட்டமும் கால்பந்தும் ஒரே அரங்கில் குடியிருப்பது இதனால்தான். கபடிக்கு ஆண்களுக்கு 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. கேலரிக்குப் பின்னால் இருக்கிற சந்திலேயே போட்டுவிடலாம்.

கிரிக்கெட்டுக்கு வாருங்கள். சர்வதேசப் போட்டியில் ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 65 கெஜம், ஏறக்குறைய 59 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 118ஐத் தாண்டும். 73க்குள் அதை எப்படி இறக்குவது? தூக்குச்சட்டிக்குள் அண்டாவை இறக்குகிற வேலை. கிரிக்கெட்டுக்குச் சரிப்பட்ட மைதானம் என்றால் அதில் நிலையான ஓடுதளம் இல்லை. ஓடுதளம் இருக்கிறது என்றால் அங்கே நடப்பது கிரிக்கெட் இல்லை, டென்னிஸ் பந்து விளையாட்டு.

சங்கர்நகர் சிக்ஸர் – சனி, இரவு 10.31

வாத்தியார் ஐயா, டென்னிஸ் பந்தைக் கேவலமாகப் பேசவேண்டாம். நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மணிக்கட்டு திரும்பியதே அதில்தான்.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 2016இல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) தொடங்கியபோது போட்டி நடந்த இடங்கள் மூன்று: சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்து நத்தம், நம் சங்கர்நகர். தாழையூத்து சிமெண்ட் ஆலை மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் பார்க்க டவுனிலிருந்து பஸ் ஏறிப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். 2023 இறுதிப்போட்டியே இங்கேதான், ஜூலை 12. நெல்லை ராயல் கிங்ஸ் சொந்த ஊரில் கோப்பை வாங்கப்போகிறது என்று ஆறு பேர் ஒரே காரில் அடைத்துக்கொண்டு போனோம். கோவை 104 ரன் வித்தியாசத்தில் வென்றது. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. கங்கைகொண்டானுக்கு வழி தவறிப் போனதைக்கூட ஐந்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தோம்.

சொல்லவந்தது என்னவென்றால், கிரிக்கெட்டுக்குத் தனி இடம் அமைந்துவிட்டது. நகரத்து மைதானத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

செங்கோட்டை பாசஞ்சர் – சனி, இரவு 11.02

வேலை நிமித்தம் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒரே புல்லைப் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதை 2018இல் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொச்சி நேரு ஸ்டேடியத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்காக முந்தின வருடம்தான் கால்பந்துத் தரை அமைத்திருந்தார்கள். அங்கே இந்தியா – வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் போட்டி நடத்தலாம் என்று பேச்சு வந்தது. கிரிக்கெட் என்றால் நடுவில் களிமண் ஆடுகளம் வெட்டவேண்டும். கால்பந்து ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கால்பந்து பக்கம் நின்று பேசியவர்களில் சச்சின் டெண்டுல்கரும் ஒருவர். கிரிக்கெட்டின் கடவுளே கிரிக்கெட் வேண்டாம் என்றால் அப்புறம் யார் பேசுவது? போட்டி எங்கள் ஊர்க் காரியவட்டம் மைதானத்துக்கு மாறியது. அந்த மைதானம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது.

சமாதானபுரம் – ஞாயிறு, காலை 6.20

அந்த மைத்துனர் நான்தான்.

அத்தான், வீட்டுப் பேச்சை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா? அக்காவிடம் சொல்லிக்கொள்கிறேன். இப்போது என் கட்சியை நானே சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா கணக்கை ஒப்புக்கொள்கிறேன், கிரிக்கெட்டை எடுத்துவிடுங்கள். மிச்சத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? பூட்டிக் கிடக்கிற மைதானத்தைவிட நாலு பேர் மிதிக்கிற மைதானம் மேல். ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும் என்று கட்டினால் வருடத்தில் எத்தனை நாள் பந்தயம்? குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் கேலரியில் ஆடு படுத்திருக்கும். கொடியேற்றம், அணிவகுப்பு, பள்ளிப் பிள்ளைகள் கலைநிகழ்ச்சி என்று ஊரே வந்து உட்கார்கிற இடமாக இருந்தால்தான் கூரைக்கும் கழிப்பறைக்கும் அரசாங்கத்திலிருந்து பணம் வரும். வ.உ.சி. மைதானத்தில் ஓடியவர்களைவிட அணிவகுப்பு பார்த்தவர்கள்தான் அதிகம், அதையும் மறக்கவேண்டாம். நானே ஐந்தாம் வகுப்பில் அங்கே காகிதத் தாமரை பிடித்து ஆடியிருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. தசராவுக்கு எருமைக்கடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடக்கிறது. மறுநாள் அங்கேயே பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். யாருக்காவது கை கால் போய்விட்டதா?

டிரில் வாத்தியார் – ஞாயிறு, காலை 7.45

போயிருக்கிறது, தம்பி. சொல்கிறேன்.

எந்த மைதானம், எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டி. அதற்குப் பத்து நாள் முன்னால் அதே மைதானத்தில் ஒரு கண்காட்சி நடந்து முடிந்திருந்தது. பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழியை மூடினார்கள், அதைக் குறை சொல்லமுடியாது. ஆனால் மேலே மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டால் குழி மூடியதாகாது. அள்ளிப்போட்ட மண் முதல் மழைக்கு உள்ளே இறங்கிவிடும். மேலே தட்டையாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும்.

என்னிடம் பயிற்சி பெற்ற பிள்ளை ஒருத்தி 80 மீட்டர் தடை ஓட்டத்தில் இருந்தாள். மூன்றாவது தடையைத் தாண்டி வலது காலை ஊன்றினாள். ஊன்றிய கால் எழவில்லை. சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது, ஏனென்றால் நான்தான் அந்தக் கோட்டில் கொடி பிடித்து நின்றேன். கணுக்காலில் மூன்று மாதம் கட்டு. அந்த வருடத்தோடு அவளுடைய ஓட்டம் நின்றது. இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள், நல்லா இருக்கிறாள். என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பேசுவாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எந்த மைதானத்தில் போட்டி என்றாலும் முதல்நாள் சாயங்காலம் கையில் ஒரு கம்பியோடு போய், எட்டுப் பாதையும் நடந்து, இரண்டடிக்கு ஒரு குத்து குத்திப் பார்ப்பேன். கம்பி சட்டென்று இறங்கினால் பந்தல் குழி. பணி ஓய்வுபெறும்போது என் மேசை டிராயரில் பதினேழு கூடார முளை இருந்தது. எல்லாம் ஓடுதளத்திலிருந்து நான் பிடுங்கியவை.

கொடியேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அணிவகுப்பும் நடக்கட்டும். நடந்து போகிற காலால் மைதானம் கெடாது. தோண்டுகிற கடப்பாரையும் லாரிச் சக்கரமும் வேறு. மைத்துனர் தம்பி இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்.

சமாதானபுரம் – ஞாயிறு, காலை 8.02

ஐயா, அது எனக்குத் தெரியாது. எருமைக்கடா மைதானத்தை வைத்துக் கிண்டலாகப் பேசியதற்கு மன்னியுங்கள்.

கரிசல் ஸ்டிக் – ஞாயிறு, காலை 9.15

கோவில்பட்டியிலிருந்து. பழைய திருநெல்வேலி மாவட்டம் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன். 1986இல் தூத்துக்குடியைப் பிரித்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை.

ஹாக்கிக்கு 91.40க்கு 55 மீட்டர் போதும். அளவைப் பார்த்தால் ஓடுதள வளையத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து அளவு பிரச்சினையே இல்லை, தரைதான் பிரச்சினை. புல்லில் பழகிப்போன இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. இன்றைக்குப் பெரிய போட்டி என்றாலே செயற்கை இழைத் தரைதான். அதில் ஈட்டி எறியமுடியாது, குண்டு போடமுடியாது, ஸ்பைக் ஷூவோடு ஏறமுடியாது. ஹாக்கித் தரை வந்துவிட்டால் அந்த இடம் ஹாக்கிக்கு மட்டும்தான். “பல்நோக்கு” என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். அந்தத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடிக்கவேண்டும். நனைந்தால்தான் பந்து சீராக ஓடும், விழுந்தால் முட்டி தேயாது. எங்கள் ஊர் கரிசல் காடு. குடிக்கிற தண்ணீரே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் கொண்டுவந்தது. தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். எங்கள் ஊர் ஹாக்கித் தரைக்கு முதன்முதலாகத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தால் குழாயை மூடிவிட்டுத்தான் வந்திருப்பாள். ஆனால் அதே தரையில்தான் 2022இல் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி நடந்தது. எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிச் சட்டை போட்டார். தண்ணீருக்கும் ஹாக்கிக்கும் நடுவில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

காலை ஐந்து மணி – ஞாயிறு, காலை 9.50

நடைப்பயிற்சிக்காரர்கள் சார்பில் ஒரு வார்த்தை. எனக்குச் சர்க்கரை. மருத்துவர் நடக்கச் சொன்னார். தெருவில் நாய், நெடுஞ்சாலையில் லாரி. மைதானத்தைத் தவிர எங்களுக்கு எது இடம்? விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிவிட்டால் நாங்கள் எங்கே போவது?

டிரில் வாத்தியார் – ஞாயிறு, காலை 10.10

அம்மா, தாராளமாக வாருங்கள். ஒரே ஒரு விண்ணப்பம்: முதல் பாதையில் மட்டும் நடக்காதீர்கள். எட்டுப் பாதையில் அதிகம் தேய்வது அதுதான், ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஓடுவார்கள். நீங்கள் நாலு பேர் கைகோத்துப் பேசிக்கொண்டு வரும்போது பின்னாலிருந்து “பாதை, பாதை” என்று கத்திக்கொண்டு வருகிற பிள்ளைக்கு மூச்சு அங்கேயே பாதி போய்விடுகிறது. எட்டாம் பாதைக்குப் போங்கள். சுற்றுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் கூட நடக்கலாம், சர்க்கரைக்கும் நல்லது.

காலை ஐந்து மணி – ஞாயிறு, காலை 10.14

இதை யாராவது பதினைந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். நாளையிலிருந்து எட்டாம் பாதை.

ரசமட்டம் – ஞாயிறு, பகல் 12.40

கட்டுமானத் துறைக்காரன், தச்சநல்லூர். இதுவரை யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. நெல்லையில் மைதானம் கட்டுகிறவன் முதலில் காற்றைத்தான் கேட்கவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மதில். அதில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று இரண்டு வாசல் திறந்திருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு நம் மேல் பாயும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் வேறில்லை. ஸ்டேடியம் கேலரிக்குப் போடும் கூரை பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தூண் பிடிக்கும், பார்வையாளன் கண்ணுக்கு மறைக்கக்கூடாது என்று முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். காற்று கேலரிக்குள் புகுந்து, பின்சுவரில் முட்டி, வெளியேற வழி இல்லாமல் கூரையை அடியிலிருந்து தூக்கும். மேலே ஓடுகிற காற்று தன் பங்குக்கு உறிஞ்சும். நாம் கூரை கீழே விழுமோ என்று பயப்படுகிறோம், ஆபத்து அது மேலே பறப்பதில்தான். 2023இல் வ.உ.சி. மைதானத்துக் கேலரிக் கூரை காற்றில் சரிந்ததை எல்லாரும் பார்த்தோம். யார் தப்பு என்று பேச நான் வரவில்லை. இந்த மண்ணில் கூரைக் கணக்கை எடையிலிருந்து தொடங்கக்கூடாது, காற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

திசையும் முக்கியம். ஆடுகளத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கவேண்டும், முக்கியக் கேலரி மேற்கில் இருக்கவேண்டும். அப்படி வைத்தால் சாயங்கால வெயில் பார்வையாளன் முதுகில் விழும், கோல்கீப்பர் கண்ணில் விழாது. இடம் இருக்கிற வாக்கில் கட்டிவிட்டுப் பிறகு “ஏன் கிழக்கு கேலரியில் யாரும் உட்காருவதில்லை” என்று கேட்டால் பங்குனி வெயில் பதில் சொல்லும்.

டிரில் வாத்தியார் – ஞாயிறு, பகல் 1.30

ரசமட்டத்துக்கு ஒரு கும்பிடு. காற்று என்றதும் எனக்குப் பழைய வலி கிளம்புகிறது.

100, 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் இந்த நான்கிலும், பின்னாலிருந்து வரும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை கணக்கில் ஏறாது. ஓட்டத்துக்குக் காற்றளவி முதல் பாதை ஓரத்தில், முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஆடியில் நம் ஊரில் அதன் காற்றாடி சுழல்கிற வேகத்தைப் பார்த்தால் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். ஒரு பையன் நீளம் தாண்டுதலில் தன் வாழ்நாளின் சிறந்த தாண்டலைத் தாண்டினான். மணலிலிருந்து எழுந்ததும் அளவு நாடாவைப் பார்க்கவில்லை, காற்றளவி பிடித்திருந்தவர் முகத்தைத்தான் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். போட்டியில் ஜெயித்தான். பதிவேட்டில் மட்டும் அந்தத் தூரத்துக்குப் பக்கத்தில் காற்றின் அளவையும் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

மணத்தி ரோடு – ஞாயிறு, பிற்பகல் 2.15

ஓட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கபடியைச் சந்தில் தள்ளிவிட்டார் வாத்தியார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்து மறுவருடம் அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் எந்த ஸ்டேடியத்தில் பழகினார்? எங்கள் பக்கத்து ஊர்களில் கபடி என்றால் கோயில் முன்னால் இருக்கிற மண்தான். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் தெளித்து, கட்டி பொறுக்கி, காலால் கோடு கிழித்துவிட்டால் மைதானம் தயார். இப்போது எல்லாப் போட்டியும் ‘மேட்’ என்கிற விரிப்பின் மேல் நடக்கிறது. ஷூ போட்டு ஆடவேண்டும், மண்ணில் வெறுங்காலோடு வளர்ந்தவனுக்கு மேட் மேல் முதல் நாள் கால் நிற்காது. எங்களுக்குப் பெரிய ஸ்டேடியமே வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒரு கூரை, கீழே ஒரு செட் மேட். அதைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் திறப்புவிழாவுக்குப் படம் எடுக்க அது எடுப்பாக இல்லை.

சங்கர்நகர் சிக்ஸர் – ஞாயிறு, பிற்பகல் 2.22

கடைசி வரிக்கு ஒரு விசில்.

கைமொழி டீச்சர் – ஞாயிறு, மாலை 4.05

பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய காதுகேளாதோர் பள்ளி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரிப் பிள்ளைகளோடு பல வருடம் பழகியவள் நான். பொதுப் போட்டிகளில் துப்பாக்கிச் சத்தத்தை வைத்து ஓட்டம் தொடங்குகிறார்கள். எங்கள் பிள்ளை பக்கத்துப் பாதைக்காரி அசைவதைப் பார்த்த பிறகுதான் கிளம்புவாள். அதற்குள் அரை எட்டு போய்விடும். காதுகேளாதோர் போட்டிகளில் பாதைக்கு ஒரு விளக்கு வைக்கிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. பல கோடிக்குக் கேலரி கட்டுகிற ஊரில் எட்டு விளக்கு வாங்கமுடியாதா? விளக்கு வரும்வரை, தொடங்கிவைக்கிறவர் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் நின்று கையில் ஒரு சிவப்புத் துணியைச் சேர்த்து இறக்கினாலே போதும்.

டிரில் வாத்தியார் – ஞாயிறு, மாலை 4.40

டீச்சர், முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. என்னிடம் ஒரு சிவப்புத் துணி இருக்கிறது.

ஊர்திரும்பி – ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்பது. மாப்பிள்ளை, அக்காவிடம் சொல்லிவிட்டாய் என்று தெரிகிறது, காலையிலிருந்து எனக்குக் காபி வரவில்லை.

மகளிடம் இந்த உரையாடலை முழுக்கப் படித்துக்காட்டினேன். பந்தல் குழி கதையில் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து கேட்டது இது: “அங்கே மண்ணில்தான் ஓடவேண்டும் என்றால் என் நேரம் கூடிவிடுமா?” பதில் தெரியாமல் உங்களிடமே தள்ளிவிடுகிறேன்.

டிரில் வாத்தியார் – ஞாயிறு, இரவு 9.00

கூடும். சிந்தடிக் தளம் 13 மில்லிமீட்டர் ரப்பர், காலைத் திருப்பித் தள்ளும். மண் அதைச் செய்யாது, வாங்கிக்கொள்ளும். ஆனால் பிள்ளையிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள், பல பள்ளிகளில் மண்ணில் எடுத்த நேரம் பொய் நேரம். ஏன் என்று கேட்டால், வளைவுக்கு 36.50 ஆரம் என்பது உள்விளிம்பில் உயரமான கட்டை இருக்கிற தளத்துக்கு. கட்டை இருந்தால் ஓடுகிறவர் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் 20 சென்டிமீட்டர்தான் கணக்கு. கட்டை இல்லாத மண்ணில் அதே 36.50இல் கோடு போட்டால் சுற்று 400 வராது, 399.37தான் வரும். 63 சென்டிமீட்டர் குறைவு. உங்கள் பிள்ளை வேகத்துக்கு அது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஊர் முழுக்க அந்தப் பத்தில் ஒரு பங்கைச் சும்மா வாங்கிக்கொண்டு திரிகிற பிள்ளைகள் உண்டு. மண்ணில் போடும்போது ஆரத்தை 36.60 ஆக்கவேண்டும்.

கயிற்றைக் கட்டி வளைவு போடுகிறவர்களையும் நம்பாதீர்கள். கயிறு இழுத்தால் நீளும், பனியில் நனைந்தால் இன்னொரு நீளம். எஃகு நாடாதான் வேண்டும்.

ஒரு மைதானம் இருக்கிறது. பந்தல் போடாத இடம், காவல்காரர் எனக்குப் பழக்கம். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், இங்கே போட்டால் அடுத்த வாரமே யாராவது கண்காட்சி வைத்துவிடுவார்கள். நீங்கள் ஜூனில் வருவதற்குள் அதில் ஒரு 400 மீட்டர் சரியாகப் போட்டுவைக்க ஆசை. என் நாடா 30 மீட்டர்தான். 50 மீட்டர் எஃகு நாடா யாரிடம் இருக்கிறது?

ரசமட்டம் – ஞாயிறு, இரவு 9.06

என்னிடம் இருக்கிறது. மட்டம் பார்க்கும் கருவியும் கொண்டுவருகிறேன், தண்ணீர் உள்பக்கம் வடியவேண்டும். பக்கவாட்டுச் சாய்வு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, தெரியும்தானே?

டிரில் வாத்தியார் – ஞாயிறு, இரவு 9.08

தெரியும். வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு. வெயில் ஏறுவதற்குள் இரண்டு வளைவையும் முடித்துவிடவேண்டும்.

சமாதானபுரம் – ஞாயிறு, இரவு 9.15

சுண்ணாம்பு என் பொறுப்பு. எத்தனை மூட்டை ஐயா?

டிரில் வாத்தியார் – ஞாயிறு, இரவு 9.17

இரண்டு போதும். கூடவே ஒரு கம்பி கொண்டு வாருங்கள், முதலில் குத்திப் பார்க்கவேண்டும்.